பெட்டி தூக்கிட்டுப் போனா எக்ஸ்ரே... துப்பாக்கி தூக்கிட்டுப் போனா?

செமஸ்டர் முடிஞ்சு ஊருக்கு வந்து நாலு நாள் ஆச்சு. ஆடிட்டிங் பேப்பர் எப்படி எழுதினேன்னு மட்டும் யாரும் கேட்காதீங்க :-) கடைசியில் அந்தப் பேப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை வரும், அதனால் காமர்ஸ் மக்கள் பாதியில் ஓடிப் போக வேண்டாம்.

வந்த மறுநாளே அம்மா பீரோவை ஒழிக்கச் சொல்லிட்டாங்க. கீழ்த்தட்டில் பழைய பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு பெரிய பழுப்பு கவர். உள்ளே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. ஓரத்தில் சித்தப்பா பேர்.

எனக்கு அப்போ எட்டு வயசு இருக்கும். சித்தப்பா குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போறதா எல்லாம் முடிவாகி இருந்தது. அம்மா செயினை அடகு வச்சு ஏஜெண்டுக்கு முன்பணம் கட்டியாச்சு. மிச்சம் இருந்தது மெடிக்கல் மட்டும்தான். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், விசாவுக்கு முன்னாடி அவங்க அங்கீகரித்த மையத்தில் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் எடுக்கணும். சித்தப்பாவுக்குச் சின்ன வயசில் டிபி வந்திருக்கு. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி ஒழுங்கா முழுசாச் சாப்பிட்டு சரியாகியும் விட்டது. ஆனால் நுரையீரலில் தழும்பு இருந்தது. எக்ஸ்ரேயில் அது தெரிந்துவிட்டது. காகிதத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'அன்ஃபிட்'.

கவரை எடுத்துக்கிட்டுப் போய் சித்தப்பாகிட்ட காட்டினேன். இப்போ அவர் குட்டியானை ஓட்டுறார். வண்டியைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்.

"நோய் இருக்கான்னு கேட்டேன்டா தம்பி. இப்போ இல்லைன்னாங்க. அப்புறம் எதுக்கு அன்ஃபிட்னு கேட்டேன். அடுத்த ஆள் வாங்கன்னுட்டாங்க."

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டார். "அந்த ஊர்லதான் அமெரிக்கா மிலிட்டரி அத்தனை பேரு இருக்கான். அவனையெல்லாம் இப்படி சட்டையக் கழட்டச் சொல்லி எக்ஸ்ரே எடுத்திருப்பாங்களா?"

இந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். குவைத்தில் ஆரம்பிச்சவன் எங்கெங்கேயோ போய் கடைசியில் ஜப்பானில் ஒரு தீவில் போய் நின்றேன்.

முதல்லேயே ஒண்ணு சொல்லிடணும். ராணுவக்காரர்களுக்குச் சோதனையே கிடையாது என்பது தப்பு. நம்மை விட அவங்களுக்குத்தான் அதிகம். அமெரிக்க ராணுவம் 1985-லேயே தன் ஆட்கள் எல்லோருக்கும் எச்ஐவி சோதனை செய்ய ஆரம்பித்துவிட்டது. தடுப்பூசிப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ஆகவே சோதனை உண்டா இல்லையா என்பது பிரச்னை இல்லை. யார் சோதிக்கிறார்கள், முடிவை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் பிரச்னை.

கப்பலை எடுத்துக்கங்க. ஒரு சரக்குக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் அந்த ஊர் சுகாதார அதிகாரி ஏறிப் பார்க்கலாம். போர்க்கப்பல் என்றால் அது மிதக்கிற தாய்நாடு மாதிரி. கேப்டன் அனுமதி இல்லாமல் வேறு நாட்டு அதிகாரி யாரும் கால் வைக்க முடியாது. அமெரிக்கக் கடற்படை கடைப்பிடிக்கிற வழி என்னன்னா, உள்ளே வந்து பார்க்க விடமாட்டார்கள், அதற்குப் பதிலாக "உங்கள் சுகாதார விதிப்படிதான் இருக்கிறோம்" என்று கேப்டன் எழுதிக் கொடுப்பார். அதை நம்பணும். அவ்வளவுதான்.

சாதாரண நாளில் இதில் ஒரு பிரச்னையும் இல்லை. கேப்டனுக்கும் தன் ஆட்கள் ஆரோக்கியமா இருக்கணும், துறைமுகத்துக்கும் அதுதான் வேணும். ரெண்டு பேர் நலனும் ஒன்றாக இருக்கிற வரைக்கும் நம்பிக்கை ஓடும். அது பிரியும்போது என்ன ஆகும்? அதைத்தான் ஒகினாவா பார்த்தது.

ஒகினாவா ஜப்பானின் தெற்குக் கோடியில் இருக்கும் தீவுக் கூட்டம். ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம்தான். ஆனால் ஜப்பானில் அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. 1960-ல் போட்ட படைகள் நிலை ஒப்பந்தத்தின் 9-வது பிரிவுப்படி அமெரிக்க வீரர்களுக்கு ஜப்பானின் பாஸ்போர்ட், விசா சட்டம் பொருந்தாது. நேரா கடேனா விமானத் தளத்தில் வந்து இறங்கலாம். அப்படித் தளம் வழியாக இறங்குகிறவர்களின் சுகாதாரச் சோதனையை அமெரிக்கப் படையே பார்த்துக்கொள்ளும் என்று 1996-ல் ரெண்டு நாடுகளும் தனியாக ஒரு உடன்பாடும் செய்தன. ஜப்பானிய அதிகாரி யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை.

அதுக்காக தளம் தனி உலகம்னு நினைச்சுடாதீங்க. ஆயிரக்கணக்கான உள்ளூர்க்காரர்கள் உள்ளே போய் வேலை பார்க்கிறார்கள். வீரர்கள் வெளியே வந்து சாப்பிடுகிறார்கள், வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். வேலி மனுஷனுக்குத்தான், கிருமிக்கு இல்லை.

2020 ஜூலையில் ஃபுடென்மா, ஹான்சன் ஆகிய ரெண்டு தளங்களில் கொரோனா கொத்தாகக் கிளம்பியது. ஒரு வாரத்துக்குள் 60 பேருக்கு மேல், சீக்கிரமே நூறைத் தாண்டியது. எண்ணிக்கையை வெளியிட வேண்டாம் என்று முதலில் படைத்தரப்பு கேட்டுக்கொண்டது. ஆளுநர் டெனி தமாகி, மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று வற்புறுத்தி வெளியிட்டார். இதில் ஒரு விஷயம், தமாகியின் அப்பாவே ஒரு அமெரிக்க மரீன் வீரர். ஆக இதை வெறும் அமெரிக்க வெறுப்பு என்று யாராலும் ஒதுக்க முடியாது. அந்தச் சண்டைக்குப் பிறகு ஜூலை 24 அன்று, வந்து இறங்கும் எல்லோருக்கும் பிசிஆர் சோதனை செய்வதாக அமெரிக்கப் படை ஒப்புக்கொண்டது.

சரி, பிரச்னை தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள்.

2021 டிசம்பர். ஓமிக்ரான் வந்த நேரம். ஜப்பான் நவம்பர் 30 முதல் வெளிநாட்டவர் யாரும் புதிதாக உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்தியது. அட்மிஷன் கிடைத்து, விசா கிடைக்காமல் தங்கள் ஊரிலேயே உட்கார்ந்திருந்த வெளிநாட்டு மாணவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். நம்மை மாதிரிப் பசங்கதான். ராத்திரி பகலா ஆன்லைனில் ஜப்பானிய வகுப்பு கவனித்துக்கொண்டு எப்போ திறக்கும் எப்போ திறக்கும் என்று காத்திருந்தவர்கள்.

அதே மாதத்தில் ஹான்சன் முகாமில் புதிதாக வந்த ஒரு படைப்பிரிவில் 200 பேருக்கும் மேல் தொற்று. முகாமில் வேலை பார்த்த ஒரு உள்ளூர்த் தொழிலாளிக்கு ஓமிக்ரான். எப்படி என்று ஜப்பான் அரசு தோண்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்தே அமெரிக்கப் படை, கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையை நிறுத்திவிட்டிருந்தது! தடுப்பூசி போட்டாச்சு, உலகம் முழுக்க விதியைத் தளர்த்தியாச்சு என்பது அவர்கள் காரணம். வந்து இறங்கிய உடனேயும் சோதனை இல்லை, சில நாள் கழித்துத்தான். தனிமைக் காலத்தில் தளத்துக்குள் நடமாடவும் அனுமதி. ஜப்பானோ, தன்னுடைய விதிகளுக்கு இசைவாக அவர்களும் செய்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தது.

வெளியுறவு அமைச்சர் ஹயாஷி, டிசம்பர் 22 அன்று அமெரிக்கப் படைத் தளபதியைத் தொலைபேசியில் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். ஜனவரி 6 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பிளிங்கனிடமே பேசினார். அதற்குள் ஒகினாவாவில் தினசரித் தொற்று எங்கே போனது பாருங்க: 2022 ஜனவரி 4 அன்று 225, 5 அன்று 623, 6 அன்று 981, 7 அன்று 1414. ஜனவரி 9 முதல் ஒகினாவாவுக்கும், இவாகுனி தளம் இருக்கிற யமாகுச்சிக்கும், பக்கத்து ஹிரோஷிமாவுக்கும் கட்டுப்பாடு வந்தது. கடை சீக்கிரம் மூடணும். நஷ்டம் யாருக்கு? ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வியாபாரமே நடக்கும் சின்னச் சின்னக் கடைக்காரங்களுக்கு.

தளங்களிலிருந்து கசிந்ததுதான் காரணம் என்று தமாகி வெளிப்படையாகச் சொன்னார். தளம் இல்லாவிட்டாலும் ஓமிக்ரான் எப்படியும் வந்திருக்கும், உலகம் முழுக்க வந்தது. அது உண்மை. ஆனால் எப்போது, எவ்வளவு வேகமாக என்பதில் வித்தியாசம் உண்டு. ரெண்டு வாரம் அவகாசம் கிடைத்தால் ஒரு தீவு ஆஸ்பத்திரியில் படுக்கை தயார் செய்யலாம்.

இப்போ அந்தப் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். எந்தப் பிரிவில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று சொல்வது, இன்றைக்கு எங்களால் சண்டை போட முடியாது என்று எதிரிக்குச் சொல்வது மாதிரி. 2020 மார்ச்சில் 'தியோடர் ரூஸ்வெல்ட்' விமானந்தாங்கிக் கப்பல் வியட்நாமின் டா நாங் துறைமுகத்துக்குப் போய் வந்தது. சில வாரத்தில் கப்பலில் தொற்று பரவி, சுமார் 4800 பேரில் ஆயிரத்துக்கு மேல் பாதிக்கப்பட்டு, ஒருவர் இறந்தார். கப்பல் குவாம் தீவில் முடங்கிக் கிடந்தது உலகத்துக்கே தெரிந்துபோனது. உதவி கேட்டு கேப்டன் எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்துவிட்டது, அவர் பதவியும் போனது. தனித்தனித் தளங்களின் எண்ணிக்கையை வெளியிடக் கூடாது என்று அந்த மார்ச் கடைசியில்தான் பென்டகன் உத்தரவு போட்டது. ஒகினாவாவில் எண்ணிக்கையை மறைக்கப் பார்த்ததற்குப் பின்னால் இந்தப் பயம் இருந்தது. கெட்ட எண்ணம் என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் மறைப்பதாலும் அலட்சியத்தாலும் ஆகும் செலவு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஹைதிதான் உதாரணம். இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

2010 ஜனவரி 12-ல் ஹைதியில் பூகம்பம். நாடே தரைமட்டம். ஏற்கெனவே அங்கே ஐ.நா. அமைதிப்படை இருந்தது. அக்டோபரில் அதற்கு நேபாளத்திலிருந்து புதிய வீரர்கள் வந்து மீர்பலே ஊர் பக்கத்து முகாமில் தங்கினார்கள். அதற்குச் சற்று முன்புதான் காத்மாண்டு பகுதியில் காலரா பரவியிருந்தது. வீரர்களுக்குக் கிளம்புவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை நடந்தது உண்மை. ஆனால் வயிற்றுப்போக்கு இல்லாதவர்களுக்கு காலரா சோதனை கிடையாது. பரிசோதனைக்குப் பிறகு சில நாள் விடுப்பில் வீட்டுக்கும் போய் வந்தார்கள். காலரா கிருமி உடம்பில் இருந்தும் ஒரு அறிகுறியும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் நிறைய உண்டு. முகாமின் கழிவு பக்கத்து ஓடையில் கலந்தது. அந்த ஓடை, ஹைதியின் மிகப் பெரிய ஆறான ஆர்டிபோனிட்டில் போய்ச் சேர்கிறது. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாத்துக்கும் மக்கள் நம்பியிருந்த ஆறு.

குறைந்தது நூறு வருஷமாக காலரா இல்லாத நாடு அது. எட்டு லட்சம் பேருக்கு மேல் நோய். கிட்டத்தட்ட 10,000 பேர் செத்துப் போனார்கள்.

அந்த வீரர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவங்களும் சம்பளத்துக்காக ஊரை விட்டுப் போன நம்ம பக்கத்து நாட்டுப் பசங்க. தன் உடம்பில் என்ன இருக்குன்னே தெரியாமல் போனவர்கள். கோபம் எல்லாம் அதுக்கப்புறம் நடந்ததில்தான். எங்களால் வரவில்லை என்ற மாதிரியே ஐ.நா. வருஷக்கணக்கில் பேசியது. 2011-ல் அதே ஐ.நா. அமைத்த நிபுணர் குழு, காலரா உள்ள நாட்டிலிருந்து வரும் வீரர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுங்கள் அல்லது சோதனை செய்யுங்கள், முகாம்களின் கழிவுநீரைச் சுத்திகரியுங்கள் என்று எழுதியது. விலை குறைந்த சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரை! அதைக் கொடுத்திருந்தால்... நினைத்துப் பாருங்க. பாதிக்கப்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்டபோது 2013-ல் ஐ.நா. தன் சட்ட விலக்குரிமையைக் காட்டி மறுத்தது. அமெரிக்க நீதிமன்றமும் அதே விலக்குரிமையைச் சொல்லி வழக்கைத் தள்ளியது. 2016 டிசம்பரில்தான் பொதுச்செயலர் பான் கி மூன் ஹைதி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 40 கோடி டாலர் திட்டம் அறிவித்தார்கள். அதில் சிறு பகுதி பணம்தான் சேர்ந்தது.

ஜப்பானாவது வெளியுறவு அமைச்சரை விட்டு போன் போட்டுக் கேட்க முடிந்தது. பூகம்பத்தில் அமைச்சக கட்டிடங்களே விழுந்துபோன ஹைதி யாரிடம் போய் உங்க ஆட்களின் ரிப்போர்ட்டைக் காட்டுங்க என்று கேட்கும்?

இப்போ நம்ம ஆடிட்டிங் பேப்பருக்கு வருவோம். இன்டர்னல் ஆடிட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எதுக்கு வெளியிலிருந்து ஒரு ஆடிட்டர் வர்றார்? கம்பெனிக்காரர் திருடர் என்பதால் இல்லை. பணம் போட்டவன் வேற, கணக்கு எழுதுகிறவன் வேற என்பதால். எழுதுகிறவனுக்கு வசதியான நாளில் கணக்கு சரியாக இருக்கும், வசதி இல்லாத நாளில் ஒரு வரி விட்டுப்போகும். படைகள் விஷயத்திலும் அதேதான். விருந்தாளி நாடு தன் ஆட்களைத் தானே சோதித்து, தானே சர்டிபிகேட் கொடுத்து, விதியை மாற்றினால் அதையும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டால், நோயை அனுபவிக்கிற ஊருக்கு அது செய்தித்தாள் மூலம்தான் தெரியும்.

அதுக்காக ஜப்பானிய அதிகாரி தளத்துக்குள் போய் ஒவ்வொரு வீரரையும் சட்டையைக் கழற்றச் சொல்லணும் என்று நான் சொல்லவில்லை. எந்த ராணுவமும் ஒத்துக்காது. ஆனால் எத்தனை பேர் வந்தார்கள், எப்போது சோதித்தார்கள், எத்தனை பேருக்கு இருந்தது என்பதைப் பெயர் இல்லாமல், பிரிவு இல்லாமல், உள்ளூர் சுகாதாரத் துறைக்குச் சொல்லலாமே. எந்தப் போர் ரகசியமும் போகாது. முக்கியமாக, விதியை மாற்றும் அன்றைக்கே சொல்லணும். இதில் வேடிக்கை என்னன்னா, தளத்து ஆஸ்பத்திரிகளும் உள்ளூர் சுகாதார மையங்களும் தொற்று நோய்த் தகவலைப் பகிர்ந்துகொள்ள 2013-லேயே ஒரு உடன்பாடு இருந்தது. ஆனால் சோதனையை நிறுத்திவிட்டோம் என்ற ஒரு வரியை மட்டும் யாரும் சொல்லவில்லை. 2022 ஜனவரி கடைசியில், ரெண்டு நாடுகளின் கூட்டுக்குழுவுக்குள் சுகாதாரச் சோதனைக்கென்றே தனியாக ஒரு துணைக்குழு அமைத்தார்கள். ஒப்பந்தம் போட்டு 62 வருஷம் ஆன பிறகு!

இதையெல்லாம் மறுநாள் சித்தப்பாகிட்ட சொன்னேன். டீ குடிச்சுக்கிட்டே கேட்டார். ஹைதி கதை வந்தப்போ டம்ளரைக் கீழே வச்சுட்டார்.

"அப்ப எனக்கு எக்ஸ்ரே எடுத்தது சரிதான்ங்குறியா?"

கொஞ்சம் தடுமாறிட்டேன். யோசிச்சுப் பார்த்தால், சோதிப்பது தப்பில்லை. ஹைதிக்காரன் கேட்கிற நிலையில் இருந்திருந்தால் கண்டிப்பாகக் கேட்டிருக்கணும். ஒரு ஊருக்கு வருகிறவன் எவனாக இருந்தாலும் அந்த ஊருக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் சோதிச்சவன் பதில் சொல்லணும் இல்லையா? குணமான தழும்புக்கும் பரவுகிற நோய்க்கும் வித்தியாசம் சொல்லாமல், ஒரு வார்த்தையை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். ஒகினாவாக்காரனுக்கு வருகிறவனைப் பற்றிக் காகிதமே கிடைக்கவில்லை. எங்க சித்தப்பாவுக்குக் காகிதம் கிடைச்சது, காரணம் கிடைக்கவில்லை.

"எடுத்தது சரி சித்தப்பா. ஏன்னு சொல்லாம விட்டதுதான் தப்பு"ன்னு சொன்னேன்.

"அதைத்தான்டா நானும் அன்னிக்குக் கேட்டேன்"னு சொல்லிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் போட்டுடவான்னு கேட்டேன். வேணாம், இருக்கட்டும்னார். மறுபடி அதே கவரில் போட்டு, அதே பட்டுப் புடவைக்கு அடியிலேயே வச்சுட்டேன். அம்மா செயின் மட்டும் இன்னும் திரும்பி வரலை.

உங்க வீட்டிலேயும் இப்படி ஒரு கவர் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க. மார்க் வந்ததும் அடுத்த பதிவு. வரலைன்னா நான் ஃபெயில்னு புரிஞ்சுக்கங்க :-)